கட்டில் இருபத்தொன்று, உறவு மனைவி

அந்த மருத்துவமனையில் சாவதற்குச் சீட்டு தேவையில்லை. சாகக் கிடப்பவரைப் பார்ப்பதற்குத்தான் சீட்டு வேண்டும். அதுவும் அச்சடித்த சீட்டு. முன்பெல்லாம் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். எழுதுகிறவர் நிமிர்ந்தால் எதிரே நிற்பவரின் முகம் தெரிகிறது, முகம் தெரிந்தால் இரக்கம் வருகிறது, இரக்கம் வந்தால் ஒழுங்கு கெடுகிறது என்று நிர்வாகம் ஆராய்ந்து கண்டுபிடித்து அந்த வழக்கத்தை ஒழித்துவிட்டது. சீட்டில் பெயரும் கிடையாது. பெயர் போட்டால் எழுத்துப் பிழை வருகிறதாம். எந்த வார்டு, எந்தக் கட்டில், பார்க்க வருபவர் என்ன உறவு, என்ன காரணம். இந்த நான்கு கட்டங்களுக்குள் மனிதன் அடங்கிவிட்டால் போதும்.

கண்டக்டருக்கு இதெல்லாம் நியாயமாகத்தான் பட்டது. முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவர். சீட்டில்லாமல் ஏறிய சொந்த மைத்துனனையே நடுவழியில் விசில் ஊதி இறக்கிவிட்டவர். அந்த மைத்துனன் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும், எந்தக் காகிதத்தைத் தொட்டாலும் பெருவிரலை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொள்ளும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. முறையாகக் கேட்டால் சீட்டு கிடைக்கும், கிடைக்காதவன் கேட்கத் தெரியாதவன் என்பது அவருடைய வேதம்.

இந்த வேதத்தால்தான் வீட்டில் மூன்று வருடமாக வினை. அப்போது இதே மருத்துவமனையில், ஆண்கள் வார்டு நான்கில், கட்டில் இருபத்தொன்றில், குடலில் அறுவை செய்துகொண்டு பதினோரு நாள் கிடந்தார். ஒரு நாளாவது மனைவி மேலே வந்து எட்டிப் பார்க்க வேண்டுமே! வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரனுக்கோ மச்சான் தினமும் வந்து கால் பிடித்துவிட்டான். அந்த மச்சானுக்குச் சமையலறை ஆட்களின் சிநேகிதம் உண்டு, அவன் பின்படி வழியாக ஏறி வந்தான் என்பது கண்டக்டருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"கீழதாங்க இருந்தேன். தெனமும் வந்தேன். சீட்டுதான் குடுக்கல" என்றாள் அவள்.

"ஒரு சீட்டு வாங்கத் துப்பில்லையா உனக்கு? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இவர்தான் விடவில்லை. காப்பி ஆறியிருந்தாலும் சரி, சட்டையில் பித்தான் அறுந்திருந்தாலும் சரி, சுற்றி வளைத்து அந்தப் பதினோரு நாளில் கொண்டுவந்து நிறுத்துவார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பித்தானைத் தைப்பாள்.

இன்று விடியற்காலையில் அவளுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸில் கூடவே வந்தார். தள்ளுகட்டிலோடு லிஃப்டுக்குள் கொண்டுபோகும்போது அவள் கையை நீட்டி, "ஏங்க, மேல வருவீங்கல்ல?" என்றாள்.

வாய் இருக்கிறதே வாய், அதற்கு நேரம் காலம் ஏது. "நீ வந்த மாதிரியே வரேன்" என்று சொல்லிவிட்டார்.

லிஃப்ட் மூடிக்கொண்டது. மூடிய கதவைப் பார்த்தபடி நின்றவருக்கு, தன் வாயில் தானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே போக வேண்டும். மேலே போகச் சீட்டு வேண்டும். ஒன்பது மணிக்குக் கவுண்டர் திறந்தபோது அவர்தான் முதல் ஆள்.

சீட்டு போடுகிற அம்மாள் நிமிராமலே தட்டினாள். "பெண்கள் இருதய வார்டு, கட்டில் ஏழு, உறவு கணவர். காரணம் என்ன போடட்டும்?"

"ஒரு வார்த்தை சொல்லணும்மா."

"ஒரு வார்த்தை சொல்ல. சரி, நாப்பது எழுத்துக்குள்ள வந்துருது." தட்டினாள். கவுண்டரில் இருந்த பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினாள். ஊஹூம்.

விஷயம் இதுதான். நல்ல கம்ப்யூட்டர் முந்தின நாள் மாலை படுத்துவிட்டது. மாடிப்படிக்கு அடியில் துடைப்பங்களோடு மூன்று வருடமாகக் கிடந்த பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரைத் தூசி தட்டி அன்று காலைதான் மேசையேற்றியிருந்தார்கள். பிரிண்டர் புதிது. இரண்டுக்கும் முன்பின் அறிமுகமில்லை.

"கம்ப்யூட்டர் சீட்டு குடுத்துருச்சு. பிரிண்டர்தான் வாங்கிக்க மாட்டேங்குது" என்றாள் அந்த அம்மாள், ஏதோ இரண்டு ஓரகத்திகளின் சண்டையைச் சொல்வதுபோல.

கண்டக்டர் கண்காணிப்பாளரிடம் போனார். கண்காணிப்பாளர் எதையும் பொறுமையாக விளக்கக் கூடியவர். அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

"இங்க பாருங்க ஐயா, நாங்க சீட்டு குடுக்கலைன்னு சொல்லாதீங்க. குடுத்தாச்சு. அது காகிதமா வரலை, அவ்வளவுதான். எங்க பதிவுப்படி ஒன்பது நாலுக்கு நீங்க மேல போயிட்டீங்க."

"நான் இங்க நிக்கிறேனே ஐயா!"

"அது உங்க பக்கத்து விஷயம். பதிவுல நீங்க ஏறிட்டீங்க, இன்னும் எறங்கல. ஒரு நோயாளிகிட்ட ஒரு நேரத்துல ஒருத்தர்தான் இருக்கலாம், இது விதி. நீங்க மேல இருக்கறப்ப உங்களை நான் எப்படி மேல அனுப்பறது? நீங்களே சொல்லுங்க."

நிர்வாகமே இவ்வளவு உறுதியாகச் சொல்கிறதே, ஒருவேளை நான் மேலேதான் இருக்கிறேனோ என்று ஒரு கணம் கண்டக்டருக்கே சந்தேகம் வந்தது. வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சாய்மானமில்லாத பெஞ்சு. அறுவைக்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார்ந்தால் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

பதினொரு மணிக்குப் பெங்குவின் வந்தார். அந்த வட்டாரத்தில் லினக்ஸ் தெரிந்த ஒரே ஆள். லினக்ஸின் சின்னம் பெங்குவின், அவருக்கோ முழங்கால் தேய்ந்து நடை கொஞ்சம் ஆடும். பெயர் ஒட்டிக்கொள்ள இது போதாதா. ஐம்பது வயதுக்காரர், முகத்தில் தூக்கமில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னவோ தட்டிப் பார்த்தார்.

"பிரிண்டர் இருக்கறது இதுக்குத் தெரியுது. யாருன்னுதான் தெரியல. சேத்து வைக்கணும்னா பாஸ்வேர்டு வேணும்."

பாஸ்வேர்டு முத்திரையிட்ட உறையில், இரும்பு அலமாரியில் இருந்தது. உறையைப் பிரிக்க மூன்று பேர் கொண்ட குழு கூட வேண்டும். மூன்றாவது உறுப்பினர் விடுப்பில் இருந்தார். அவருடைய விடுப்பை ரத்து செய்யும் கடிதத்தை அச்சடிக்க வேண்டும் என்று கிளம்பிய யோசனை, எந்தப் பிரிண்டரில் என்ற கேள்வியில் முட்டி நின்றது. அவராகவே மத்தியானம் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தார். வாசலிலேயே அமுக்கிப் பிடித்து உட்காரவைத்துக் குழுவைக் கூட்டினார்கள். மூவரும் கையெழுத்திட்டு, உறையின் நான்கு பக்கத்தையும் சரிபார்த்து, அரக்கை உடைத்துக் காகிதத்தை வெளியே எடுத்தார்கள்.

அதில், 'பழைய பாஸ்வேர்டேதான்' என்று எழுதியிருந்தது.

"எழுதினவர் யாருங்க?" என்று கேட்டார் பெங்குவின்.

"ரிட்டையர் ஆயிட்டார். ஆனா கவலையில்ல, இங்கதான் இருக்கார். மூணாவது மாடி, கட்டில் பதினெட்டு. நீங்க நேராப் போயே கேட்டுக்கலாம்" என்றார் கண்காணிப்பாளர். "என்ன, ஒரு சீட்டு மட்டும் வாங்கிக்கங்க."

பெங்குவின் கறுப்புத் திரையைத் திரும்பப் பார்த்தார். பிறகு, "பாஸ்வேர்டு இல்லாமலே உள்ள போக ஒரு வழி இருக்கு சார். மிஷினை அணைச்சுப் போடறப்ப புகுந்துரலாம். ஆனா அது முறைப்படி இல்ல" என்றார்.

"முறைப்படி இல்லாததை நான் பாக்க முடியாதே!"

அதற்கும் முறைப்படி ஒரு வழி பிறந்தது. கண்காணிப்பாளரும் குழுவின் மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். நான்கு நிமிடம் நின்றார்கள். கண்டக்டர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவுப்படி அவர் அங்கே இல்லாததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இதற்குள் அவர் மூன்று தரம் லிஃப்ட் வாசலுக்குப் போய், காவலாளியிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தார். "கட்டில் ஏழு எப்படியிருக்குன்னு மட்டும் யாரையாவது கேட்டுச் சொல்லுப்பா." "சீட்டு இருந்தா நீங்களே போய்க் கேக்கலாமே பெரியவரே" என்றான் அவன். முப்பத்தோரு வருடத்தில் இதே குரலில், இதே மாதிரி, எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து பெங்குவினின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது ஏம்பா அச்சடிக்க மாட்டேங்குது? இதுல என்னதான் கோளாறு?"

"பெரிய கோளாறெல்லாம் இல்லண்ணே. கம்ப்யூட்டர் ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கும். அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வரலைன்னா, சரி, ஆள் இல்லைன்னு முடிவு பண்ணிக் கியூவை நிறுத்திரும். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் சரியானாலும் இது திரும்பிப் பாக்காது. யாராவது வந்து எடுத்துவிடற வரைக்கும், வருஷக்கணக்கானாலும், பிடிச்ச பிடிதான்."

கண்டக்டர் நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பழைய லினக்ஸில் புதுப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய மாடல் என்று சொல்லிச் சேர்த்துப் பார்த்தார் பெங்குவின். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. மூன்றே முக்காலுக்குச் சோதனைப் பக்கம் ஒன்று கரகரவென்று வெளியே வந்தது. கூடமே எழுந்து நின்றது. கண்டக்டர் பெருவிரலை ஈரமாக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"இருங்கண்ணே" என்றார் பெங்குவின், திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "உங்களுக்கு முன்னாடி முன்னூத்திப் பன்னெண்டு சீட்டு நிக்குது."

"நான்தானேப்பா முதல் ஆளு!"

"இது இன்னைக்குக் கியூ இல்லண்ணே, மூணு வருஷத்துக்கு முந்தினது. அப்ப இருந்த பிரிண்டர் நின்னதும் கியூ நின்னுருக்கு. பதினேழு நாள் யாரும் எடுத்துவிடல. சீட்டு மட்டும் போட்டுப் போட்டுச் சேத்திருக்காங்க. அப்புறம் கம்ப்யூட்டரையே மாத்திட்டு இதைத் தூக்கி மாடிப்படிக்கடியில போட்டுட்டாங்க."

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "ஆமா ஆமா! அந்தப் பதினேழு நாள் மேல ஒரு சத்தம் இல்ல, சந்தடி இல்ல. நெரிசலே இல்லாத மருத்துவமனைன்னு எங்களுக்கு விருதே குடுத்தாங்களே. அதோ பாருங்க." சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் விருது தொங்கியது.

"ஒரே வரி தட்டினா பழசெல்லாம் அழிஞ்சுரும் சார்" என்றார் பெங்குவின். "அது வேண்டாம்னா இவரோடதை மட்டும் முன்னாடி தள்ளிடறேன். பாவம், காலைலேர்ந்து நிக்கிறார்."

"அதெப்படி? மூணு வருஷமா நிக்கறவங்களை விட்டுட்டு, காலைலேர்ந்து நிக்கறவரை அனுப்பினா அது நியாயமா? வரிசைன்னா வரிசைதான். ஒவ்வொண்ணா வரட்டும். மூணு தரம் கூப்பிடுவோம். வரலைன்னா 'ஆள் வரவில்லை'ன்னு முத்திரை குத்தி ஃபைல் பண்ணிருவோம். நீங்க கண்டக்டரா இருந்தவராமே, உங்களுக்குத் தெரியாததா?"

கண்டக்டர் இரண்டு கையையும் கூப்பினார். வாழ்நாளில் சீட்டுக்காக அவர் கை கூப்பியது அதுதான் முதல் தடவை. கண்காணிப்பாளரும் பதிலுக்குக் கை கூப்பிவிட்டு உள்ளே போனார்.

சீட்டுகள் வரத் தொடங்கின. அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று தரம் கூவினாள், கடைநிலை ஊழியர் ஒருவர் முத்திரை குத்தினார். முதலில் கூடத்தில் கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. "குழந்தைகள் வார்டு, கட்டில் மூன்று, உறவு தாய். காரணம், பால் கொடுக்க" என்று கூவியதும் சிரிப்பு நின்றது. மூன்று தரம் கூவினாள். ஆள் வரவில்லை. "தீவிர சிகிச்சை, கட்டில் இரண்டு, உறவு மகன். காரணம், வந்துட்டேன்னு சொல்ல." ஆள் வரவில்லை. தான் தட்டிய சீட்டுகளைத்தான் மூன்று வருடம் கழித்து அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

மணி நான்கரை இருக்கும்.

"ஆண்கள் வார்டு நான்கு, கட்டில் இருபத்தொன்று, உறவு மனைவி. காரணம், பார்க்க."

கண்டக்டர் எழுந்துவிட்டார். எண் தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தார். அந்த அம்மாள் இரண்டாம் தரமும் கூவினாள், மூன்றாம் தரமும் கூவினாள். முத்திரை விழுந்தது. பத்துப் பன்னிரண்டு சீட்டு போனது. மறுபடி, "ஆண்கள் வார்டு நான்கு, கட்டில் இருபத்தொன்று, உறவு மனைவி. காரணம், மூக்குக் கண்ணாடி கொடுக்க."

ஐயோ, கண்ணாடி! பதினோரு நாளும் கண்ணாடி இல்லாமல், எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன என்று தெரியாமல் கிடந்தாரே. அதற்கும் அவளைத்தானே திட்டினார்.

மூன்றாவது, "கோபமா இருப்பார், சமாதானம் சொல்ல."

முத்திரை விழுந்தது. நான்காவது, "இடப்பக்கம் படுத்தா மூச்சு முட்டும்னு நர்ஸிடம் சொல்ல." முத்திரைக் கட்டை இறங்குவதற்குள் கண்டக்டர் பாய்ந்துபோய்ச் சீட்டின் மேல் கையை வைத்துவிட்டார். 'ஆள் வரவில்லை' என்று அவருடைய புறங்கையில் பதிந்தது.

"வந்தாய்யா! குத்தாதே. அவ வந்தா. தெனமும் வந்தா."

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, பொறுமையாகச் சொன்னார்: "வந்தாங்கன்னுதானே நாங்களும் சொல்றோம்? உங்க மனைவி பதினோரு தடவையும் மேல போய் உங்களைப் பாத்துட்டு, பூட்டற நேரத்துக்கு எறங்கி வந்ததா பதிவே இருக்கு. எங்க பக்கம் ஒரு குறையும் இல்ல."

"இல்லைய்யா. மேல வரல. கீழதான் இருந்தா. இதைத்தாய்யா அவ சொன்னா. நான்தான்..."

சீட்டுக்காரம்மாள் முத்திரையிட்ட மூன்றையும் ஃபைலிலிருந்து உருவி அவர் கையில் வைத்தாள். முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "பச்சைப் பை வச்சிருப்பாங்க. நீங்க உக்காந்திருந்தீங்கல்ல, அந்தப் பெஞ்சுதான். சாயங்காலம் பூட்டறப்ப 'நாளைக்கு வரேம்மா'ன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போவாங்க. மத்தவங்கல்லாம் சண்டை போட்டுட்டு ரெண்டு நாள்ல விட்டுட்டாங்க."

அதற்குப் பிறகு கட்டில் இருபத்தொன்று வரும்போதெல்லாம் அவள் கூவவில்லை. பேசாமல் அவரிடம் நீட்டினாள். 'ஐந்து நிமிடம் பார்க்க.' 'இரண்டு நிமிடம் பார்க்க.' 'வாசலில் நின்று பார்க்க.' நாளாக ஆக அவளுடைய காரணம் சிறுத்துக்கொண்டே வந்தது. பதினோராவது சீட்டில், 'கீழதான் இருக்கேன்னு சொல்ல' என்று இருந்தது.

ஐந்து இருபத்தெட்டுக்கு அவருடைய சொந்தச் சீட்டு வந்தது. எதிரிலேயே நின்றாலும் விதிப்படி மூன்று தரம் கூவ வேண்டும் என்று கண்காணிப்பாளர் சொன்னார். முதல் கூவலிலேயே கண்டக்டர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, மூடிய லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறிப் போய்விட்டார்.

கட்டில் ஏழைச் சுற்றித் திரை போட்டிருந்தது. நர்ஸ் அவர் நீட்டிய சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கதான் கணவரா? எங்கய்யா போயிட்டீங்க? நாலே காலுக்குத் தவறிட்டாங்க. அப்பவே உங்களைத் தேடினோம். நீங்க மேலதான் இருக்கீங்கன்னு பதிவுல இருந்துச்சு. மாடி பூரா, கழிப்பறை வரைக்கும் தேடிட்டோம்."

கண்டக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"காலைலேர்ந்து என்னைக் கேட்டுட்டே இருந்தாளா?" என்று கேட்டார்.

"ஒரு தடவைதான் கேட்டாங்க. 'உங்க வீட்டுக்காரர் மேல வந்துட்டார்னு கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, ஆளைத்தான் காணோம்'னேன். சிரிச்சாங்க. 'கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா இருக்கும். அவர் கீழதான் உக்காந்திருப்பார். சீட்டு குடுத்திருக்க மாட்டாங்க. அந்தப் பெஞ்சுல சாய முடியாது, பாவம், முதுகு வலிக்கும் அவருக்கு'ன்னாங்க. அப்புறம் கேக்கவே இல்ல. நான் கீழ போய்ப் பாத்திருக்கணும். பதிவை நம்பிட்டேங்கய்யா."

இவர் கீழே இருப்பதை மனைவி ஒரு நொடியில் நம்பிவிட்டாள். அவளை நம்ப இவருக்கு மூன்று வருடமும் முந்நூறு சீட்டும் தேவைப்பட்டது.

திரைக்குள் போய் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பதினோரு சீட்டையும் வெளியே எடுத்தார். பெருவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அவளுக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும், பஸ்ஸில் செய்ததுபோல, சீட்டின் மூலையை நகத்தால் கொஞ்சம் கிழித்தார். பயணம் ஆகிவிட்டது, இனி யாரும் இதைக் கேள்வி கேட்க முடியாது என்பதற்கு அதுதான் அடையாளம். கடைசிச் சீட்டைப் படிக்கும்போது அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அதன் மூலையையும் கிழித்தார்.

அவளுக்குச் சொல்ல வைத்திருந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தார். கேட்க ஆளில்லாத இடத்தில் அதைச் சொல்வது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது என்று பட்டது. சொல்லவில்லை.

இறங்கி வந்தபோது காவலாளி தகரப்பெட்டி ஒன்றைக் காட்டினான். "பயன்படுத்தாத சீட்டையெல்லாம் இதுல போட்டுரணும் பெரியவரே. வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது."

கண்டக்டர் பதினோரு சீட்டையும் விசிறியாக விரித்துக் காட்டினார். "பாத்துக்க தம்பி. மூலை கிழிஞ்சிருக்கா? எல்லாம் மேல வந்துட்டுப் போனது" என்றார். காவலாளி எண்ணிப் பார்த்துத் தலையாட்டினான்.

அவற்றைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவதாகத் தன் சீட்டை எடுத்தார். உறவு கணவர். காரணம், ஒரு வார்த்தை சொல்ல. மூலை கிழியாமல் முழுசாக இருந்தது. அதைத் தகரப்பெட்டியில் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.